வாசற்படிக்குக் காப்பரிசி

சுகிர்தம் டீச்சர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வீட்டை அளக்கமாட்டாள். ஆளை அளப்பாள். கழுத்தில் தொங்கும் தையல் நாடாவை எடுத்து, பாயில் இருப்பவரின் இடுப்பு தரையிலிருந்து எத்தனை உயரம், தோளிலிருந்து விரல் நுனி எவ்வளவு நீளம், கையை ஊன்றி ஒருமுறை நகர்ந்தால் எத்தனை அங்குலம் என்று அளந்து, பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வாள். பார்ப்பதற்குச் சட்டைக்கு அளவெடுப்பதுபோல இருக்கும். "எனக்கு எதுக்கு டீச்சர் புதுச்சட்டை, நான் எங்க போகப் போறேன்" என்று சொன்னவர்கள் உண்டு.

"சட்டை ஒங்களுக்கில்ல. ஒங்க வீட்டுக்கு" என்பாள்.

தேனியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் தையல் டீச்சர். அப்பாவுக்கு போடி பஜாரில் ஜவுளிக்கடை இருந்தது. அப்பாவுக்குப் பிறகு தம்பி பொன்னுராஜ் துணியை விட்டுவிட்டு, தேனிக்கு வந்து இரும்பும் சிமிண்ட்டும் வைத்தான். டீச்சர் அவன் வீட்டிலேயே ஒரு அறையில் இருந்தாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்: "அளவு சரியா வரல."

வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குள் இந்தப் பள்ளத்தாக்கில் இருபத்து மூன்று வீடுகளை அவள் மாற்றியிருந்தாள். பெரிய மாற்றமெல்லாம் இல்லை. ஒரு வாசலை அகலமாக்குவாள். சுவரில் கைப்பிடிக்கு ஒரு குழாயைப் பதிப்பாள். கிணற்றடியில் உட்கார்ந்து குளிக்க ஒரு திண்டு வைப்பாள். படி இருந்த இடத்தில் சரிவு போடுவாள். எல்லாம் கூரை ஒழுகும் வீடுகள். கூரையை அவள் தொடமாட்டாள். "அதுக்கு வேற ஆள் இருக்காக" என்பாள். யாரும் இருக்கவில்லை.

இது அவளுடைய அக்கா சாராள் இறந்த நாளில் தொடங்கியது.

சாராள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். பிறகு நடக்கவில்லை. தம்பி வீட்டுப் பின்கட்டு அறையில் நாலு வருஷம் கிடந்தாள். அந்த அறைக்கு உயரமான ஒரு வாசற்படி. அதைத் தாண்டியதும் ஒரு அரைச்சுவர், அதைச் சுற்றித் திரும்பித்தான் கூடத்துக்கு வரவேண்டும். "முன்வாசல்ல உக்காந்து பஸ் போறதப் பாக்கணும்" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். அரைச்சுவரில் திரும்பும்போது கால் இடித்து, வலி தாங்காமல் அழுதுவிட்டாள். பிறகு கேட்கவில்லை.

அவள் இறந்தபோது சவப்பெட்டி அந்த இடத்தில் திரும்பவில்லை. கொத்தனார் பிச்சைமணிக்கு ஆள் போயிற்று. அல்லிநகரத்துக்காரர். கடப்பாறையோடு வந்து வாசற்படியையும் அரைச்சுவரையும் எடுத்துவிட்டார். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சர் அவரிடம் கேட்டாள்.

"மேஸ்திரி, இத இடிக்க எவ்வளவு நேரமாச்சு?"

"கால் மணி இருக்கும் டீச்சர்."

டீச்சர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டிக்காக இடித்தார்கள். அக்காவுக்காக இடிக்கலாம் என்று நாலு வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தனக்கும்தான்.

அவர்களுடைய கிறிஸ்தவச் சபையில் பெண்கள் பிடி அரிசி எடுத்துவைப்பது வழக்கம். உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் அது ஏலத்துக்குப் போகும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசியைத் தனக்குத் தரவேண்டும் என்று டீச்சர் கேட்டாள். சபைச் செயலாளர் ராஜமணி மளிகைக் கடைக்காரர், நிதானமானவர்.

"ஏம்மா, ஊராருக்கு வீடு கட்டிக் குடுக்க நமக்குச் சக்தி ஏது?"

"கட்டுறதுக்குக் கேக்கல அண்ணாச்சி. இடிக்கிறதுக்குத்தான்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

பிச்சைமணிக்குப் பாதிக் கூலி அரிசியாகப் போயிற்று. சபை அரிசியைப் பற்றி அவருக்கு ஒரு புகார் உண்டு. "நாப்பது வீட்டு அரிசி டீச்சர். பொங்குனா ஒரு பருக்கை குழையுது, பக்கத்துப் பருக்கை வெறச்சுக்கிட்டு நிக்குது. எம் பொஞ்சாதி, இது என்னய்யா வேதக்காரவுக சண்டையான்னு கேக்கா."

முதல் வீடு அல்லிநகரத்தில், ஒரு கால் எடுத்த பிச்சையம்மாளுக்கு. பிச்சைமணி அந்தச் சரிவைக் கண்ணாடி மாதிரி இழைத்துக் கொடுத்தார். முதல் மழையிலேயே பிச்சையம்மாள் ஊன்றுகோலோடு வழுக்கி வந்து, தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர் மேல் விழுந்தாள். இருவருக்கும் அடியில்லை. மீன்தான் போயிற்று. அதற்குப் பிறகு டீச்சர் பையில் ஒரு சாக்குத் துண்டு இருக்கும். சிமிண்ட் ஈரமாக இருக்கும்போதே சாக்கை விரித்து அழுத்தி எடுக்கவேண்டும். மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும்.

இரண்டாவது வீடு கெங்குவார்பட்டியில், கர்ணனுக்கு. மூட்டை விழுந்து முதுகு போனவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர்வான். அவனுக்கும் சாக்கை அழுத்திச் சொரசொரப்பாகப் போட்டார்கள். ஒரு மாதம் ராஜா மாதிரி இறங்கி டீக்கடைக்குப் போய்வந்தான். தொடைக்கு அடியில் தோல் உரிந்து புண்ணானது அவனுக்குத் தெரியவில்லை. காய்ச்சல் வந்த பிறகுதான் வீட்டார் பார்த்தார்கள். மூன்று மாதம் ஆஸ்பத்திரி. டீச்சர் சனிக்கிழமைதோறும் போனாள். ஒரு தடவை அவன் சமாதானமாகச் சொன்னான்: "எனக்கு வலிக்கவே இல்ல டீச்சர்."

அந்த வார்த்தையை அவளால் மறக்க முடியவில்லை. கர்ணன் வீடு திரும்பினான். ஆனால் அந்தச் சரிவில் மறுபடி இறங்கவில்லை. அதில் மிளகாய் காயப்போட்டார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம், இரண்டாவது சனிக்கிழமை. தையல் அறை வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கறுத்த, உரமான உடம்பு.

"சுருளிப்பட்டி டீச்சர். சீனிச்சாமி பொஞ்சாதி. எம் பேரு மலையம்மாள். தேங்கா மரத்துல இருந்து விழுந்தாக."

"உள்ள வா. உக்காரு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். விழுந்து இரண்டு வருஷமாகிறது. விடியுமுன் அவனை முதுகில் சுமந்து கொல்லைக்குக் கொண்டுபோவாள், திரும்பக் கொண்டுவருவாள். மாமியார் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள், துணி துவைப்பாள், ஆனால் தூக்க முடியாது. அதனால் மலையம்மாள் எங்கேயும் நாள் முழுக்க வேலைக்கு நிற்க முடிவதில்லை.

"ஏலக்காத் தோட்டத்துக் கங்காணி ஆவணி பொறந்ததும் ஆள் எடுக்க வந்துருவாரு. மேல போனா பதினஞ்சு நாளைக்கு ஒருக்கத்தான் எறங்க முடியும். லயத்துலதான் தங்கணும். போன வருசம் போகல. இந்த வருசமும் வரலைன்னா எம் பேர எடுத்துருவேன்னு சொல்லிட்டாரு. பேரு போச்சுன்னா அதுக்கப்பறம் எங்களுக்குக் கஞ்சிக்கு வழி இல்ல."

"அவரு தானா கொல்லைக்குப் போயி வந்துட்டா நீ போகலாம்."

"அதான் டீச்சர்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, யாரைப் பற்றியோ கோள் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: "பகல்ல தண்ணியே குடிக்க மாட்டேங்காக. குடிச்சா வெளிய போகணும்ல. நான் இல்லாத நேரம் வந்துட்டா என்ன பண்ணன்னு, உச்சி வெயில்லயும் நாக்க ஒட்டவச்சுக்கிட்டு இருக்காக."

அடுத்த நாள் மதியமே டீச்சரும் பிச்சைமணியும் கம்பம் பஸ் ஏறினார்கள். அங்கிருந்து சுருளிப்பட்டி.

ஒற்றை அறை வீடு. பக்கத்தில் வாய்க்கால் ஓடுவதால் தரையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஒரே வாசல். வேங்கை மரத்து நிலை. கீழே நாலு விரல் உயரத்துக்கு வாசற்படிக் கட்டை, மஞ்சளும் குங்குமமும் ஏறிப் பழுத்திருந்தது. அதற்கு வெளியே மூன்று கல்படிகள். கொல்லைக்குப் போவதென்றாலும் அந்த மூன்று படியிலும் இறங்கிச் சுவரைச் சுற்றித்தான் போகவேண்டும்.

சீனிச்சாமி பாயில் சுவரில் சாய்ந்து இருந்தான். தோளும் கையும் மரமேறியின் தோளும் கையுமாகவே இருந்தன. கால்மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தான். டீச்சர் நாடாவை எடுத்ததும் கையை நீட்டினான்.

"கைய நல்லா அளங்க டீச்சர். அது மட்டுந்தான் இன்னும் வளந்துக்கிட்டு இருக்கு."

அவனுடைய தாய் அக்கம்மாள் இரண்டு தம்ளரில் மோர் கொண்டுவந்தாள். மகனுக்கும் ஒன்று நீட்டினாள். "எனக்கு வேணாம்" என்றான். உதடு வெடித்திருந்தது. டீச்சர் தன் தம்ளரைப் பார்த்தபடி குடித்தாள்.

அளவெல்லாம் முடிந்து, பிச்சைமணி வாசலில் குனிந்து, கட்டையைத் தட்டிப் பார்த்தார். அக்கம்மாள் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"அங்கன என்ன தட்டுறீக?"

"படியில அவரு ஏற முடியாதுல்ல ஆத்தா. இந்தக் கட்டைய எடுத்துட்டு, வெளிய சரிவா..."

"நெலையில கை வச்சீகன்னா நான் குறுக்க படுத்துக்கிருவேன். என்மேல ஏறிப் போங்க." குரல் உயரவில்லை. "வாசப்படிய அறுத்தா குடி அத்துப்போகும். இருக்கிறது ஒரு மகன். அவனும் இந்தா கெடக்கான். கல்படி மூணும் எங்க மாமனார் வச்சது. எண்ணிப் பாருங்க. லாபம், நட்டம், லாபம். சறுக்கி விட்டுட்டீகன்னா என்னத்த எண்ணுறது?"

டீச்சர் உதவிக்குப் பிச்சைமணியைப் பார்த்தாள். அவர் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆத்தா சொல்றது ஞாயம். நானும் அறுக்க மாட்டேன் டீச்சர்."

"எங்க வீட்டுல கால் மணியில அறுத்தீகளே மேஸ்திரி."

"அது சாவு வீடு. சாவு வீட்டுல கடப்பாறைக்குத் தோசம் கெடையாது. உசுரு இருக்கிற வீட்டு நெலைய எங்கப்பனும் தொட்டதில்ல, நானும் தொட்டதில்ல."

இருவரும் திரும்பி பஸ் ஏறினார்கள். சின்னமனூர் தாண்டிய பிறகு பிச்சைமணி வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். டீச்சர் வெற்றிலை போடுவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அக்கா உயிரோடிருந்தபோது கேட்டிருந்தாலும் இந்த மனிதர் இடித்திருக்கமாட்டார். ஒன்பது வருஷமாக யார்மேலோ வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று இப்போது தெரியவில்லை. ஆடி முடிய மூன்று வாரம்கூட இல்லை.

புதன்கிழமை ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, குட்டையாகிப்போன பாவாடையைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். இடுப்புப் பட்டியைப் பிரிக்கலாமா என்று கேட்டாள்.

"பட்டியில கைய வைக்காத. கீழ துண்டு வச்சுத் தை" என்றாள் டீச்சர், வேறெதையோ நினைத்தபடி. சொல்லிவிட்டு அந்தப் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மடித்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தம்பி கடைக்குப் போய் அல்லிநகரத்துக்கு ஆள் அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை மறுபடியும் அக்கம்மாள் முன்னால் நின்றார்கள்.

"கட்டைய அறுக்கல" என்றாள் டீச்சர். "உள்ள தரையக் கட்டை மட்டத்துக்கு மண்ணு போட்டு ஒசத்துறோம். வெளியயும் அதே மட்டத்துல இருந்து சரிவு எறங்குது, சுவத்த ஒட்டியே கொல்லைப்பக்கம் வரைக்கும். நெல நெலையா இருக்கும். அதுக்கு ரெண்டு பக்கமும் தரைதான் எந்திரிச்சு வருது."

அக்கம்மாள் யோசித்தாள். "கல்படி?"

"எடுக்கல. மேல மூடிருவோம்."

"மூணு படியும் உள்ளதான் ஆத்தா இருக்கும்" என்றார் பிச்சைமணி. "பொதைச்சு வச்ச லாபம். எவனும் தூக்கிக்கிட்டுப் போக முடியாது."

"பொதைச்சத யாருய்யா எண்ணுவா?"

"கரையான் எண்ணும்."

பாயிலிருந்து சீனிச்சாமி சிரித்தான். அக்கம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரித்து அவள் கேட்டு நாளாகியிருக்கவேண்டும். "என்னமோ பண்ணுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்போது சிமிண்ட் பெர்மிட்டில்தான் கிடைக்கும். திங்கட்கிழமை டீச்சர் லீவு போட்டுவிட்டு உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்குப் போனாள். படிவத்தில் புது வீடு, பழுது பார்த்தல், கிணறு, கால்நடைக் கொட்டகை என்று இருந்தது. சரிவுக்கு இடமில்லை. கிளார்க் நல்ல மனிதர். வெகுநேரம் யோசித்து, கொட்டகைத் தளம் என்று எழுதி இரண்டு மூட்டைக்குக் கையெழுத்து வாங்கிக்கொடுத்தார். சீனிச்சாமியிடம் இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று டீச்சர் நினைத்திருந்தாள். பிச்சைமணி சொல்லிவிட்டார்.

"எழுதட்டும்" என்றான் சீனிச்சாமி. "மாட்டுக்குன்னா கவருமெண்டு உடனே குடுக்குதே, அதச் சொல்லுங்க."

பிச்சைமணி அங்கேயே தங்கி வேலையை ஆரம்பித்தார். பக்கத்து வயல்களிலிருந்து மலையம்மாள் கூடை கூடையாக மண் சுமந்தாள். தெருவில் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். வியாழக்கிழமை மாலை, பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வந்து சேர்ந்தபோது மண் சரிவு தயாராகிவிட்டது. பதினாறு அடி நீளம். சிமிண்ட் பூசவேண்டியதுதான் பாக்கி. டீச்சர் நோட்டைத் திறந்தாள். இழைத்தால் பிச்சையம்மாள். சொரசொரப்பாக விட்டால் கர்ணன். நடுப்பகுதி வழுவழுப்பு, கை ஊன்றும் இரண்டு ஓரமும் சொரசொரப்பு என்று நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தாள். அதைச் சீனிச்சாமியிடம் காட்டினாள்.

அவன் நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நடு சரி. ஓரம் பத்தாது டீச்சர். ஏறும்போது கை பின்னால வழுக்கும். தோப்புல சில மரத்துல காலுக்கு வெட்டு போட்டிருப்பாக, பாத்திருக்கீகளா? பெருவிரலு உள்ள போயி நிக்கும். அதுமாதிரி ரெண்டு ஓரத்துலயும் கைக்குக் குழி போடுங்க. விரல் உள்ள எறங்குனா நான் எந்த மரத்துலயும் ஏறிருவேன்."

"எத்தனை எடம் விட்டு?"

"அதான் அளந்தீகளே."

பதினாலு அங்குலம். டீச்சர் நாடாவைச் சரிவின்மேல் விரித்துப் பிடிக்க, பிச்சைமணி ஈரச் சிமிண்டில் கரண்டியால் குழி எடுத்து, விளிம்பை விரலால் உருட்டி மழுக்கினார். நடுவில் மட்டும் மணியாசக் கட்டையை வைத்துப் பளபளவென்று தேய்த்தார். தேய்க்கும்போது முகத்தில் பழைய சந்தோஷம் வந்துவிட்டது. அடிவரைக்கும் பதினாலு ஜோடிக் குழிகள் வந்தன.

அக்கம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். உதடு அசைந்தது.

"...லாபம், நட்டம், லாபம், நட்டம்." கடைசிக் குழியைக் காட்டினாள். "நட்டத்துல விட்டுட்டீகளே மேஸ்திரி."

பிச்சைமணி எண்ணிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இடையில ஒண்ணச் சேத்துருவமா டீச்சர்? சிமிண்ட் இன்னும் எறுகல."

"அளவு கெட்டுரும். நடுவுல மாறுனா கை தடுமாறும்."

"நட்டத்துல முடிச்சுட்டு நான் எப்பிடி ஊருக்குப் போக?"

வாசலுக்குள்ளிருந்து சீனிச்சாமியின் குரல் வந்தது. "ஏன்யா, அம்புட்டுத் தூரம் எறங்கி வந்தவன் தரையில கைய ஊனாமப் பறந்தா போகப் போறான்? தரையில ஒரு ஜோடி போடுங்க."

பதினைந்தாவது ஜோடியைச் சரிவு முடிந்த இடத்தில் தரையில் போட்டார்கள். அங்கிருந்து மூன்று ஆள் நீளத்தில் கொல்லை. அங்கே குழி வெட்டி, அவன் இடுப்பு உயரத்துக்குத் திண்டு கட்டி, தென்னந்தட்டியால் மறைப்பும் வைத்தாயிற்று.

சிமிண்ட் இறுகக் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் காட்டவேண்டும். மலையம்மாள் மூன்று வேளையும் வாய்க்காலிலிருந்து குடம் குடமாக ஊற்றினாள். தேனியில் டீச்சர் ஒரு மெத்தை தைத்தாள். இலவம்பஞ்சை அடைத்து, அடியில் லாரி டியூப் ரப்பரை வைத்துத் தைத்து, இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொள்ள நாலு நாடா. தோல் தரையைத் தொடக்கூடாது. தைத்து முடித்ததும் தானே அதன்மேல் உட்கார்ந்து, அறைக்குள் ஒரு சுற்று நகர்ந்து பார்த்தாள். பொன்னுராஜ் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ஆவணி பிறந்தது. கங்காணி வந்துவிட்டார். சனிக்கிழமை வரை ஆள் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் புறப்படும் என்று சொல்லி அனுப்பினார். மலையம்மாள், "சனிக்கிழம சாயங்காலம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் டீச்சரும் பிச்சைமணியும் வந்து இறங்கினார்கள். பிச்சைமணியின் தோளில் பாக்கிக் கூலிக்கான அரிசி மூட்டை. அதைத் தேனியிலேயே வீட்டில் போட்டுவிட்டு வந்திருக்கலாம். சரிவைப் பார்க்கும் அவசரத்தில் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தெருவில் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

மெத்தையைக் கட்டிக்கொண்டு சீனிச்சாமி உள்ளேயிருந்து நகர்ந்து வந்தான். புதுத்தரையில் சுலபமாக வந்தான். வாசற்படிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிட்டான்.

நேற்று வெள்ளிக்கிழமை. கட்டையில் புது மஞ்சள், மூன்று இடத்தில் குங்குமம். அது இப்போது தரையோடு தரையாக, நடந்துபோகிறவர் காலைத் தூக்கித் தாண்டிவிடும்படி இருந்தது. காலைத் தூக்க முடியாதவன் அதன்மேல் உட்கார்ந்துதான் தாண்டவேண்டும்.

இதை ஒருவரும் நினைக்கவில்லை. வாசற்படியில் உட்காராதே என்று சொல்லித்தான் அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். மிதிக்கவே கூடாது. உட்கார்ந்தால் லட்சுமி வெளியே போய்விடுவாள்.

"என்னய்யா?" என்றார் பிச்சைமணி.

சீனிச்சாமி கட்டையைப் பார்த்தபடி இருந்தான். "மஞ்சப் பூசியிருக்கு."

டீச்சருக்கு வாய்வரை ஒரு வார்த்தை வந்தது. வேதக்காரி சொல்லி இவன் அதில் உட்கார்ந்தான் என்று ஆகிவிடும். விழுங்கிக்கொண்டாள். எல்லா அளவும் நோட்டில் இருந்தது. இது இல்லை. மலையம்மாள் சுவரோரமாக, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் "தூக்கித் தாண்டி விட்ருவமா?" என்றார். தினமும் தூக்க யார் இருக்கிறார்கள் என்று அவரும் உடனே யோசித்திருப்பார், முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

அக்கம்மாள் உள்ளேயிருந்து வந்து மகனுக்குப் பின்னால் நின்றாள். கட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஏலே, மொத மொதல்ல நீ இதத் தாண்டுனப்ப எப்பிடித் தாண்டுன?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நடந்தா தாண்டுன? ஒம்பது மாசம் ஒனக்கு. தவந்து வந்து, வகுத்தக் கட்டையில வச்சு, அதுமேலயே ஒண்ணுக்கும் இருந்துட்டுத்தான் அந்தப் பக்கம் போன. லச்சுமி அப்ப எங்கயும் போயிரல. ஒங்கய்யா தெருவுக்கே காப்பரிசி குடுத்தாரு."

யாரோ சிரித்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"தாண்டு" என்றாள்.

சீனிச்சாமி கையைக் கட்டைக்கு அந்தப் பக்கம் ஊன்றினான். இடுப்பைத் தூக்கிக் கட்டையின்மேல் வைத்தான். ஒரு கணம் அங்கேயே இருந்தான். பிறகு இறங்கினான். முதல் குழியில் விரல்கள் போய் நின்றன. இரண்டாவது. மூன்றாவது. பிச்சைமணி வாய்க்குள் எண்ணிக்கொண்டே பக்கத்தில் நடந்தார். பதினைந்தாவதில் அவன் தரையில் இருந்தான். நிற்காமல் அப்படியே திரும்பி, மேலே ஏறினான். ஏறும்போது தோள்கள் மரத்தில் ஏறுபவன் தோள்களாக அசைந்தன. வாசலுக்குப் போய், மறுபடி இறங்கினான். இரண்டாம் தடவை கட்டையில் தயங்கவில்லை. மெத்தையில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

மலையம்மாள் தலைப்பைப் பல்லிலிருந்து எடுக்கவே இல்லை.

"மேஸ்திரி, அந்த மூட்டையில என்ன?" என்றாள் அக்கம்மாள்.

"எங் கூலி ஆத்தா. அரிசி."

"ரெண்டு படி குடும்."

"அது சபை அரிசி. நாப்பது வீட்டு..."

"அதான் குடும்ங்கேன். எங்க வீட்டுல இன்னைக்கு இல்ல."

பிச்சைமணி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மூட்டையின் வாயை அவிழ்த்தாள். அக்கம்மாள் அரிசியைக் கையில் அள்ளி, ஊதிப் பார்த்து, "பச்சையும் புழுங்கலுமா என்ன கூத்துய்யா இது" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வறுபடும் மணம் வந்தது. வெல்லத்தைத் தட்டிப்போட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப்போட்டுக் கிளறி, முறத்தில் கொட்டிக் கொண்டுவந்தாள். பிள்ளை வாசற்படி தாண்டினால் கொடுப்பதுபோலத் தெருவில் ஒருவர் விடாமல் கைநிறையக் கொடுத்தாள். முப்பத்து நாலு வயதுப் பிள்ளைக்குக் காப்பரிசியா என்று கேலி செய்தவருக்கு இரண்டு கை கொடுத்தாள்.

டீச்சர் சுவர் நிழலில் நின்று மென்றாள். ஒரு பருக்கை நொறுங்கியது, பக்கத்துப் பருக்கை கல்லாக இருந்தது. பிச்சைமணி தாடையைத் தடவிக்கொண்டு, "சொன்னேன்ல" என்றார்.

சீனிச்சாமி சரிவின் அடியில், கடைசிக் குழியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். வெயில் நேராக மேலே இறங்கியது. காப்பரிசியை வாயில் போட்டு நிதானமாக மென்று முடித்தான்.

"ஆத்தா" என்றான். "தண்ணி குடு."

அக்கம்மாள் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, ஒரே மூச்சில் குடித்தான். செம்பைக் கவிழ்த்துக் காட்டினான். "இன்னொரு செம்பு" என்றான்.

மலையம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது செம்பும் காலியானதும் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய், கொடியில் கிடந்த சேலைகளை இழுத்து மூட்டை கட்டத் தொடங்கினாள்.